தலைக்கு ஆறு

“நிறுத்து! நிறுத்துப்பா! இன்னும் ஒரு அடி வந்தா கீரை போச்சு!”

பின்பக்கமாக வந்துகொண்டிருந்த வண்டி கேட்டைத் தொடாமல் நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். வாசலில் நின்ற உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவியை மயானத்துக்கு ஏற்றிப்போக வந்த வண்டியை ஒரு மனிதர் கீரைக்காக மறித்து அவர்கள் பார்த்ததில்லை.

அவர் யாரையும் கவனிக்கவில்லை. ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கு உள்ளே நடைபாதை ஓரம் இருந்த பாத்தியருகே குந்தினார். கேட்டை ஒட்டிய கடைசி வரிசை. நாலைந்து இலை விட்ட இளஞ்செடிகள். பாதி வரிசைதான் இருந்தது. மீதி வெறும் மண்.

“ஆறு செடியைக் காணோம். நசுக்கிட்டியாப்பா?”

“சார், வண்டி இன்னும் ரோட்டுலதான் நிக்குது. உள்ளேயே வராம நான் எப்படி சார் நசுக்குவேன்?”

“அப்ப யாரு?”

ஓட்டுநருக்கு இருபது வருட சர்வீஸ். அவரிடம் அழுதவர்கள் உண்டு, அடிக்க வந்தவர்களும் உண்டு. இந்தக் கேள்வி புதுசு. அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மகன் ஓடி வந்தான். முந்தின நாள் மதியம் ஆயிரம் மைல் தாண்டி வந்து இறங்கியவன். அதே சட்டையில் இருந்தான்.

“அப்பா, என்னப்பா இது? எல்லாரும் பாக்குறாங்க.”

“பன்னெண்டு இருக்கணும்டா. ஆறுதான் இருக்கு.”

“கீரைதானேப்பா. எழுந்திருங்க.”

கீரைதான். மகன் பிடித்த பிடியில் அவர் எழுந்தார். வண்டியை அப்படியே வெளியிலேயே நிறுத்தச் சொல்லி, அவளை நடைபாதை முழுக்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாத்தியைத் தாண்டும்போது, “பாத்து, பாத்து” என்றார் அவர். அவளைச் சொல்கிறாரா, செடியைச் சொல்கிறாரா என்று தூக்கியவர்களுக்குப் புரியவில்லை.

அந்தக் கீரைக்குக் கைலான் என்று பெயர். விதைப் பாக்கெட்டில் சைனீஸ் ப்ரோக்கோலி என்று போட்டிருக்கும். அதை நம்பிப் போட்டுவிட்டுக் குடை மாதிரி பூ வரும் என்று காத்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள். கட்டை விரல் தடிமனில் ஒரு தண்டு, சாம்பல் பூசின மாதிரி பச்சையில் அகல இலை, உச்சியில் ஒரு சின்னக் கொத்து மொட்டு. அவ்வளவுதான் சரக்கு.

அவள் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்தவள். ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நூடுல்ஸ் அடுப்பில் நின்ற வாணலி மாஸ்டர் மட்டும் ஒரு கடுகு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே இருந்தது கடுகு மாதிரியே இருந்த கைலான் விதை. கடிகாரம் இரண்டு வருடத்தில் நின்றுபோனது. கைலான் எட்டு வருடமாக நிற்கவில்லை.

கேன்டீனில் தினமும் காலையில் அவளுடைய முதல் கேள்வி, “இன்னிக்கு எத்தனை தலை?” சாப்பிட எத்தனை பேர் என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்கமாட்டாள். சோறு மிஞ்சியும் கிடையாது, ஒருத்தன் தட்டோடு திரும்பிப்போனதும் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. பல் தேய்த்துவிட்டு வருவாள், கேட்பாள்.

“ஏங்க, இன்னிக்கு எத்தனை தலை?”

“ரெண்டு.”

மகன் வெளியூர் போனதிலிருந்து பதில் மாறினதே இல்லை. ஆனாலும் கேட்பாள். ஆனாலும் சொல்வார்.

தோட்டத்திலும் அதே கணக்கு. பத்து நாளைக்கு ஒரு வரிசை விதைப்பாள். குழிக்கு மூன்று விதை, முளைத்ததும் நல்லது ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுவாள். வரிசைக்குப் பன்னிரண்டு செடி. தலைக்கு ஆறு. ஒரு நாள் கூடினது இல்லை, குறைந்தது இல்லை. இரண்டு மாதத்தில் மொட்டு கட்டும். விரிவதற்குள் கத்தியைச் சாய்வாக வைத்து ஒரே இழுப்பு. பூத்துவிட்டால் தண்டு நாராகிவிடும், வாயில் வைக்க முடியாது.

“இது என்ன கலர்ல பூக்கும்?” என்று ஒரு தடவை கேட்டார்.

“பூக்க விட்டாத்தானே தெரியும்? எங்க கேன்டீன்ல ஒரு நாளாவது சோறு குழைஞ்சிருக்கான்னு போய்க் கேளுங்க. அது மாதிரிதான் இதுவும்.”

எட்டு வருடத்தில் அவர் அந்தப் பூவைப் பார்த்ததில்லை.

வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் பெஞ்சு. ஒரு பக்கம் அவர், எதிர்ப் பக்கம் மகன். நடுவில் அவள். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அப்பா.”

“ம்.”

“அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுதானே?”

“தெரியாது.”

“நிச்சயமா?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலடா. ஒரே ஒரு தடவைகூட.”

நாலு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் டாக்டர் அவரைத் தனியாக நிறுத்திச் சொன்னார். கணையம். மூன்று மாதம், இழுத்துப் பிடித்தால் நாலு. தாழ்வாரத்தின் மறு கோடியில் அவள், ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் முப்பது தப்படி இருக்கும். அவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது மாடியில் லிஃப்ட் மாட்டிக்கொண்டால், உள்ளே இருப்பவர்களிடம் வெளியிலிருந்து சொல்ல வேண்டியது எப்போதும் ஒன்றுதான்: ஒண்ணுமில்ல, சின்னக் கோளாறு, இதோ சரி பண்ணிடறேன். கம்பி அறுந்து தொங்கினாலும் அதுதான். நாற்பது வருடம் சொன்ன வசனம். முப்பது தப்படியில் தயாராகிவிட்டது.

“ஒண்ணுமில்ல. அல்சராம்.”

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பஞ்சை எடுத்து, ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தாள்.

“அல்சரா? அப்ப காரத்தைக் குறைச்சுக்கணும்” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் மிளகாய் கிடையாது. நாக்கு செத்துப்போக அவரும் அதையே சாப்பிட்டார். மகன் மட்டும் போனில் சண்டை போட்டான். சொல்லிடலாம்ப்பா, அவங்க வாழ்க்கைப்பா அது, சொல்லாம இருக்க நாம யாரு? அவர் சத்தியம் வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது என்று மகன் நேரில் வருவதையே தள்ளிப்போட்டான். தள்ளிப்போட்டது இந்த வண்டியில் வந்து முடிந்தது.

“ஒரு ஞாயித்துக்கிழமை பேசிட்டு இருக்கும்போதே அழுதுட்டேன்ப்பா” என்றான் மகன். “என்னடா குரல்னு கேட்டாங்க. ஜலதோஷம்னேன். ஆவி பிடின்னாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த நாலு மாதத்தில் அவரால் வலியைக் குறைக்க முடியவில்லை. சாவைத் தள்ளிப்போட முடியவில்லை. ஒன்றே ஒன்றுதான் முடிந்தது. பயத்தை அவள் கிட்டே அண்டவிடாமல் அவர் ஒருத்தரே தாங்கிக்கொண்டார். அவள் பயப்படாமல் போனாள். காலையிலிருந்து அவர் கால் ஊன்றி நின்றது அந்த ஓர் இடத்தில்தான்.

“தெரியாது” என்றார் மறுபடியும். “நிம்மதியாத்தான் போனா.”

மயானத்தில் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் குளித்தார். யாரோ தட்டில் போட்டுக் கொடுத்ததைச் சாப்பிட்டார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள். வீடு காலியானதும் அவர் நேரே பாத்திக்குப் போனார்.

ஆறு செடி. ஒரு காரியம் கெட்டுப்போனால் காரணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். லிஃப்டுக்கு அதுதான் விதி. கீரைக்கு மட்டும் வேறா? வரிசையாகத் தட்டிக் கழித்துக்கொண்டு வந்தார்.

நத்தையா? நத்தை வந்தால் மண்ணில் பளபளவென்று கோடு விட்டுப்போகும். கோடு இல்லை. எலியா? எலி அடித்தண்டைக் கடித்துத் துப்பியிருக்கும். ஒரு துண்டுகூட இல்லை. பச்சைப் புழுவா? புழு இலையை ஓட்டை போடும், செடியை வேரோடு தூக்கிக்கொண்டு போகாது. உறவுக்காரர் செருப்பா? செருப்புத் தடம் நடைபாதையோடு நின்றிருந்தது.

குனிந்து விரலால் மண்ணைத் தொட்டார். காலியான இடம் மேடு பள்ளம் இல்லாமல் வழவழவென்று இருந்தது. செடியை எடுத்தபின் யாரோ உள்ளங்கையால் தடவிச் சமன் செய்திருக்கிறார்கள். அப்படி ஒரு திருடனை அவர் கேள்விப்பட்டதில்லை.

இருந்த ஆறும் இடைவெளி பிசகாமல் நின்றன. மற்ற நாலு வரிசையையும் எண்ணினார். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. முதல் வரிசை மொட்டுக் கட்டிவிட்டது. நாளையோ மறுநாளோ வெட்ட வேண்டும்.

“அண்ணே.”

மதில் சுவருக்கு மேலே ஒரு தலை. பக்கத்து வீட்டுப் பஸ்காரம்மா. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள், தனிக்கட்டை. காலையில் துக்கத்துக்கு வந்துவிட்டு, வண்டி எடுக்கும் நேரமாகிவிட்டதே என்று யூனிஃபார்மோடு ஓடினவள். இப்போது சாயங்கால டிரிப்பை முடித்துவிட்டு வந்திருந்தாள்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா நாளைக்குள்ள செத்துடும் போல இருக்கு. அக்கா குடுத்த செடியில அடியில எல்லாம் சின்னச் சின்னப் புழு. என்ன பண்றதுன்னு தெரியல.”

“எந்தச் செடி?”

“அதான், இந்தக் கைலான். ஆறு செடி. அக்கா பேப்பர் கப்புல போட்டுக் குடுத்தாங்களே.”

அவர் சுவர்ப் பக்கம் வந்தார். அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தார். பழைய பெயின்ட் டப்பாக்களில், ஒன்றுக்கு ஒன்றாக, ஆறு செடி. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“அட, இங்கதான் இருக்கா! நான் காலையிலேர்ந்து அந்த வண்டிக்காரன், எலி, நத்தைன்னு எல்லார் மேலயும் கேஸ் போட்டுட்டு இருக்கேன். குடுத்துட்டாளா? அவ்வளவுதானா?”

“சொல்லலையா உங்ககிட்ட? பத்து நாள் இருக்கும். நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க.”

அவருக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. மருந்து இன்னும் மூன்று நாளைக்கு இருக்கும்போதே, இல்லை இன்றைக்கே வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று விரட்டினாள். அவர் திரும்பி வந்தபோது வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். நக இடுக்கெல்லாம் மண். என்ன இது என்றதற்கு, காத்து வாங்கினேன் என்றாள். காத்து நகத்துக்குள்ளயா வாங்கினே என்று அவர் கேலி செய்தார்.

“புழுவை ஒண்ணும் பண்ண வேணாம்மா. இலையைத் திருப்பி விரலாலயே நசுக்கி விடு. தண்ணியை வேகமா அடி. போயிடும்.”

“சரிண்ணே.” அவள் போகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினாள். “நான் வேணாம்னுதான் சொன்னேன். இத்தனையும் எனக்குக் குடுத்துட்டா உங்களுக்குக் குறைஞ்சுடுமே அக்கான்னேன். அதெல்லாம் கணக்கு சரியாத்தான் இருக்கு, ஒரு தலைக்கு ஆறு போதும்னாங்க. நான் ஒருத்திதானே, அதைத்தான் சொல்றாங்கன்னு வாங்கிக்கிட்டேன்.”

அவர் அந்த ஆறு டப்பாவையும் மறுபடி எண்ணினார்.

“நிக்கவே முடியல அண்ணே அவங்களால. கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன். எடுத்த இடத்தை எல்லாம் தடவித் தடவி ஒழுங்கு பண்ணிட்டுத்தான் எழுந்தாங்க.” அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “அண்ணே? நான் ஏதாவது தப்பா…”

“இல்லம்மா. நீ போ. தண்ணி அடி.”

தலை மறைந்தது. அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பிப் பாத்தியைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை. இந்தப் பக்கம்?

அவளுக்குக் கணக்குப் பிசகாது. இந்த வரிசை வெட்டுக்கு வர இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அந்த நாளில் இந்த வீட்டில் எத்தனை தலை என்று அவள் பத்து நாளுக்கு முன்னாலேயே எண்ணிவிட்டாள். எண்ணி, மிச்சத்தை எடுத்து, எடுத்த தடம் தெரியாமல் தடவி, கை கழுவ நேரமில்லாமல் வந்து உட்கார்ந்து, காத்து வாங்கினேன் என்றிருக்கிறாள்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. அந்தப் பத்து நாளும் அவள் காலையில் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முடியவில்லை, அதனால் கேட்கவில்லை என்று அவர் நினைத்திருந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரம் அப்படியே கிடந்தது. அதன் கைப்பிடியில் காய்ந்த மண், நாலு விரல் அகலத்துக்கு. அவர் அதில் உட்காரவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

நாலு மாதம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு பேர். அல்சருக்கு மோர் நல்லதாம் என்று அவர் சொல்ல, ஆமாம் கொஞ்சம் தேவலை என்று அவள் சொல்ல. அவர் மொட்டை மாடிக்குப் போய் அழுதுவிட்டு வந்து முகம் கழுவுவார். அவள் எங்கே போனாள்? நாலு அடி எடுத்து வைக்கவே சுவரைப் பிடித்துக்கொண்டவள். அவளுக்குப் போக ஓர் இடம்கூட இருந்திருக்காதே.

அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மகன் வந்து, “கொசு கடிக்குதுப்பா, உள்ள வாங்க” என்று கூப்பிடும் வரைக்கும்.

மறுநாள் காலை மகன் கிளம்பினான். லீவு அவ்வளவுதான். டாக்ஸி வாசலில் நின்றது. பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“என்கூட வந்துடுங்கப்பா.”

“பாப்போம்.”

“பாப்போம்னா வர மாட்டீங்கன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?” சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. “அப்பா, ஒண்ணு கேக்கறேன். நேத்து வண்டியில கேட்டேனே. தூக்கம் வரல எனக்கு. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்து, நான் வருவேன்னு காத்திட்டு இருந்து, நான் வரலன்னா… அப்படி இல்லைதானே? அம்மாவுக்குத் தெரியாதுதானே?”

அவர் பாத்திப் பக்கம் பார்த்தார்.

“அந்தக் கடைசி வரிசையில எத்தனை செடி இருக்கு, எண்ணு.”

“என்னப்பா?”

“எண்ணேன்.”

மகன் குனிந்து விரல் நீட்டி எண்ணினான். சின்ன வயதிலும் அப்படித்தான், விரல் நீட்டாமல் அவனுக்கு எண்ண வராது. “ஆறு. நேத்தே சொன்னீங்களே, ஆறைக் காணோம்னு. யாராவது மிதிச்சிருப்பாங்கப்பா. அவ்வளவு கூட்டம்.”

டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். மகன் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தாழ்வாரத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு இருந்தபோது அவளும் இப்படித்தான் பார்த்தாள், இதே கண்.

“ஆமாடா” என்றார் அவர். “யாராவது மிதிச்சிருப்பாங்க.”

“அம்மாவுக்கு?”

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நிம்மதியாப் போனா. நீ பத்திரமாப் போ. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு.”

மகனின் தோள் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியது. அவரைக் கட்டிக்கொண்டான். போனான்.

கேட்டைச் சாத்திவிட்டு அவர் சமையலறைக்குப் போய் அவளுடைய கத்தியை எடுத்துவந்தார். முதல் வரிசையில் மொட்டுகள் இறுகி இருந்தன, விட்டால் இரண்டு மூன்று நாளில் விரிந்துவிடும். அவள் வைக்கிற மாதிரியே கத்தியைச் சாய்வாக வைத்து ஓர் இழுப்பு. முதல் தண்டு கையில் வந்தது. இரண்டு. மூன்று. அடியில் நாலு இலை விட்டு, அவசரமில்லாமல் வெட்டினார். ஆறு வெட்டியதும் கை ஏழாவதுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

எழுந்து உள்ளே போனார். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினார். மிளகாய் டப்பாவைத் திறந்தார், நாலு மாதத்துக்குப் பிறகு. பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

ஐந்தாம் நாள் காலை பள்ளிக்கூடப் பஸ் வாசலில் வேகம் குறைந்தது. ஸ்டியரிங்கில் இருந்தபடியே பஸ்காரம்மா ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

“அண்ணே, பூத்துடுச்சே! வெட்டாம விட்டுட்டீங்களா?”

“ஆமாம்மா.”

“இனிமே சாப்பிட ஆகாதுன்னு அக்கா சொல்வாங்களே!”

“ஆகாதுதான்.”

பஸ் போய்விட்டது. அவர் பல் தேய்த்த ஈர முகத்தோடு பாத்திக்கு முன்னால் நின்றார். வெட்டின ஆறு அடித்தண்டுகளுக்குப் பக்கத்தில், வெட்டாத ஆறும் முழங்கால் உயரத்துக்கு நீண்டிருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் நாலு நாலு இதழாகப் பூ. வெள்ளை.